நீங்களும் கேளுங்கள்

பெண் பார்க்கும் சடங்குகூட நம் ஊரில் கொஞ்சம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் பெண்ணும் பிள்ளையிடம் நாலு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். உத்தியோகத்துக்கான இண்டர்வியூ மட்டும் பழைய மாதிரியேதான் இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் கேட்கிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். கடைசியில், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவர்களே வாசலைத் திறந்து விடுகிறார்கள். "ஒன்றுமில்லை, ஸார்" என்று கும்பிட்டுவிட்டு நம் பிள்ளைகள் எழுந்து வந்துவிடுகிறார்கள். இதற்கு அடக்கம் என்று பெயர் சொல்கிறோம். எனக்கென்னவோ இது வெறும் பயமாகத்தான் படுகிறது.

என்ன கேட்பது என்கிறீர்களா? பெரிய விஷயங்கள் வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி வேலை? நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? வேலை உத்தரவை எழுத்தில் கொடுப்பீர்களா? சம்பளத்தில் என்னென்ன பிடிப்பீர்கள்? 1952-இலேயே வருங்கால வைப்பு நிதிக்குச் சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் பிடிக்கிறவர் தம் பங்கையும் போட வேண்டும். அதைக் கேட்பது பேராசை ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "இந்த இடத்தில் எனக்கு முன்பு இருந்தவர் என்ன ஆனார்?" மேலே போனாரா, வெளியே போனாரா என்பதில் பாதிக் கதை வந்துவிடும்.

'எத்தனை மணி வேலை?' என்று கேட்கப் புதுச்சேரிக்காரர்கள் கூச்சப்படவே கூடாது. அந்தக் கேள்விக்கு இந்த ஊர் விலை கொடுத்திருக்கிறது. வ. சுப்பையா போன்றவர்கள் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய காலம் அது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் போலீஸார் சுட்டார்கள். 12 பேர் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. மறு வருஷமே, 1937-இல், அது இங்கே சட்டமாயிற்று. எல்லைக்கு அந்தப் புறம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நாளைக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுத்திருந்தது.

"சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வருகிறவன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்பீர்கள். நியாயமான ஆட்சேபணைதான். எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம். படித்தவள். தகப்பனார் படுக்கையில், தம்பி பள்ளிக்கூடத்தில். "கேள்வி கேட்டால் வேலை கொடுப்பார்களா, மாமா?" என்று அவளும் இதையேதான் கேட்டாள். "ஒன்றே ஒன்று கேளம்மா, பணிவாகக் கேள்" என்றேன். முன்பு இருந்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அவர்களில் வயதானவர் மட்டும், "ஒரு வருஷத்தில் நீ நாலாவது ஆளம்மா" என்றாராம்.

வேலையும் கிடைத்தது, அவளும் சேர்ந்தாள். வேறு வழியில்லை. ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே வேறு இடம் தேடலானாள். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். சம்பளத்தை நம்பித் தவணையில் ஒரு சாமானும் வாங்கவில்லை. ஏழாவது மாதம் அந்தக் கம்பெனியில் சம்பளம் நின்றது. கூடச் சேர்ந்த பையன் மோட்டார் சைக்கிள் தவணைக்காகக் கடன் கேட்டு அலைந்தான். இவளோ அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கித் தரவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்து போக வைத்தது, அவ்வளவுதான். வேலையை வேண்டாமென்று சொல்லும் வசதி ஏழைக்கு இல்லாமல் இருக்கலாம். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையையுமா விட்டுக்கொடுக்க வேண்டும்? உங்கள் வீட்டுப் பிள்ளை இண்டர்வியூவுக்குக் கிளம்பும்போது திருநீறு பூசி அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு கேள்வியும் சொல்லி அனுப்புங்கள்.