நிலுவையில் ஒரு பதிவு

இந்தப் பக்கம் வந்து எட்டு மாசம் ஆச்சு மக்களே. பகல்ல ஒரு கம்பெனியில ஆணி, ராத்திரியில தெரிஞ்சவங்களுக்கு வெப்சைட் போட்டுத் தர்ற ஆணி. அந்த ரெண்டாவது ஆணி என் கையிலேயே குத்தின கதையைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். நடந்தது 2023 டிசம்பர்ல. இத்தனை நாள் எழுதாததுக்குக் காரணம் வெட்கம்தான், வேற ஒண்ணுமில்ல.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2005, 2006 வாக்குல வலைப்பதிவு ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு பொது அனுபவம் உண்டு. தமிழ்மணம் கருவிப்பட்டையைச் சேர்க்கிறேன்னு டெம்ப்ளேட்டைத் திறப்போம். எங்கேயோ ஒரு அடைப்புக்குறி விட்டுப் போகும். பக்கப்பட்டை கீழே இறங்கி உட்கார்ந்துக்கும், இல்லைன்னா பக்கமே வெள்ளை வேட்டி மாதிரி நிக்கும். நான் மூணு தடவை கவுத்திருக்கேன். "கை வைக்கிறதுக்கு முன்னாடி டெம்ப்ளேட்டை நோட்பேடுல காப்பி எடுத்து வெச்சுக்கய்யா"ன்னு ஒரு புண்ணியவான் சொல்லித்தான் பிழைச்சேன். 2006ல புது பிளாகர் வந்து, பெட்டியை இழுத்து வைக்கிற வசதி கிடைச்ச பிறகுதான் பல பேருக்குத் தூக்கமே வந்தது.

இவ்வளவு பட்டும், அடுத்தவங்களுக்கு சைட் போட்டுக் குடுக்கும்போது அந்த நோட்பேடு காப்பி எனக்கு ஞாபகம் வரலை பாருங்க.

திருவொற்றியூர்ல இருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பிடிச்சு வடக்கே போய்க்கிட்டே இருந்தா, கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடத்துல முகத்துவாரக்குப்பம். பேரே விலாசம்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, அக்கரையில அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அங்கே ஒரு அக்கா, கூட இன்னும் எட்டு பெண்கள் சேர்ந்து ஒரு சுயஉதவிக் குழு. நெத்திலிக் கருவாடு, சென்னாக்குன்னி, இறா ஊறுகாய், பிடிபட்ட அன்னிக்கே ஐஸ் பெட்டியில வெச்சு அனுப்புற ஆத்து இறா. 2019ல அவங்களுக்கு வேர்ட்பிரஸ்ல ஒரு சைட் போட்டுக் குடுத்தேன். பெருசா ஒண்ணுமில்ல. பொருள் பேரு, விலை, ஒரு போன் நம்பர், பணம் போட ஒரு கியூஆர் படம். 2020 லாக்டவுன் நேரத்துல அண்ணாநகர், தாம்பரம்னு எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்து அக்காவுக்கே ஆச்சரியம்.

அப்போ அக்காகிட்ட நான் குடுத்து வெச்சிருந்தது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அதாவது வீட்டுச் சாவி, பீரோ சாவி, பத்திரம் எல்லாம் சேர்த்து ஒரே கொத்து. யோசிச்சுக் குடுத்ததில்ல, சோம்பேறித்தனம்.

2021 பொங்கலுக்கு முன்னாடி விலைப்பட்டியலை மாத்தலாம்னு அக்காவோட பொண்ணு உட்கார்ந்திருக்கு. பக்கத்து டிடிபி சென்டர்ல நோட்டீஸுக்கு அடிச்சு வெச்ச பட்டியலை அப்படியே ஒட்டியிருக்கு. அது பாமினி எழுத்துரு. பழைய ஆளுங்களுக்கு மீதி சொல்லவே வேணாம். கம்ப்யூட்டருக்கு அது தமிழே இல்ல, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்து. நம்ம சைட் யூனிகோடு. ஒட்டினதும் வேஷம் கலைஞ்சு, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரு கொத்துபரோட்டா. பயந்து போன பொண்ணு, தோற்றத்தை மாத்தினா சரியாயிடும்னு நினைச்சு வேற ஒரு தீமை அழுத்தியிருச்சு. மெனு போச்சு. அதோட போன் நம்பரும் கியூஆர் படமும் போச்சு, ஏன்னா அந்த ரெண்டையும் நான் பழைய தீமோட கோப்புக்குள்ளேயே எழுதி வெச்சிருந்தேன். பொங்கலுக்கு மூணு நாள் ஒரு ஆர்டரும் வரலை.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? திட்டலை, அதுவரைக்கும் சரி. ஆனா நம்பரை அதே கோப்புக்குள்ளேயே திரும்ப எழுதினேன். அக்காவோட கணக்கை கான்ட்ரிபியூட்டர்னு கீழே இறக்கினேன். எழுதலாம், ஆனா வெளியிட முடியாது. படம்கூட ஏத்த முடியாது. எழுதினது 'நிலுவையில்'னு நின்னு, நான் பார்த்து அனுமதிச்சாத்தான் வெளியே வரும். "இனிமே உங்களுக்குக் கவலையே இல்லக்கா, எது மாத்தணும்னாலும் வாட்ஸப்ல சொல்லுங்க, நான் பண்ணிடறேன்"னு பெருந்தன்மையா வேற சொன்னேன்.

ரெண்டரை வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓடிச்சு. "தம்பி, நெத்திலி அம்பது ரூபா ஏத்து." "தம்பி, சென்னாக்குன்னி தீந்துபோச்சு." நான் ஒருநாள் ராத்திரி மாத்துவேன், சில நேரம் ரெண்டு நாள் ஆகும். நடுவுல தீர்ந்துபோன பொருளுக்கு ஆர்டர் வந்தா அக்கா ஏதோ சொல்லி சமாளிப்பாங்க. எல்லாத்துக்கும் என்னையே தேடி வர்றாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

அப்புறம் மிக்ஜாம் வந்துச்சு. டிசம்பர் 4, சென்னையே தண்ணியில. எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல, போன் செத்துப்போச்சு, முழங்கால் தண்ணியில பால் பாக்கெட் தேடிக்கிட்டிருந்தேன். அதே நாட்கள்ல மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோட எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்குள்ள இறங்கிடுச்சு. படகு, வலை, அலையாத்தி மரம், கரையோர வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் தார் பூசின மாதிரி கறுப்பு. எண்ணூருக்கு எண்ணெய் புதுசு இல்ல, 2017 ஜனவரியிலயும் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி கரையெல்லாம் பக்கெட்டால அள்ளினாங்க. ஆனா அது கடல்ல. இந்தத் தடவை ஆத்துக்குள்ளேயே. இறாவும் நண்டும் மடவையும் இருக்கிற இடத்துலயே.

எனக்குக் கரண்ட் வந்து, போன் உயிர் வந்து, நான் லாகின் பண்ணினது வெள்ளம் வந்து ஆறாவது நாள். உள்ளே ஒரு பதிவு நிலுவையில் நிக்குது. மூணு நாளைக்கு முன்னாடி எழுதினது. எங்கேயோ சார்ஜ் போட்டு, பொண்ணோட போன்ல இருந்து அக்கா அடிச்சது:

"ஆத்துல எண்ணெய் வந்துருச்சு. இறா விக்கல. யாரும் பணம் போடாதீங்க."

அவ்வளவுதான். மூணு வரி. என் அனுமதிக்காக மூணு நாள் காத்துக்கிட்டிருந்துச்சு. அதை நானே அப்போ வெளியிட்டிருந்தாலும் செய்திப் பக்கத்துலதான் போயிருக்கும். முகப்புல 'எண்ணூர் ஆத்து இறால், இன்று பிடித்தது'ன்னு படமும் கியூஆரும் ஜம்முனு இருந்துச்சு.

அந்த மூணு நாள்ல பதினோரு பேர் பணம் போட்டிருக்காங்க. டிவியில எண்ணெய் படிஞ்ச ஆத்தைப் பார்த்துட்டு, சைட்டையும் பார்த்துட்டு ஒருத்தர், "எண்ணெய் இறாவை எங்க தலையில கட்டறீங்களா"ன்னு அக்காவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்காரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, சைட் அப்படித்தான் சொல்லுது. அக்கா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, குழுப் பணத்துல கடன் எடுத்துத் திருப்பிக் குடுத்தாங்க. வீட்டுல யாரும் தொழிலுக்குப் போகாத வாரத்துல.

ஊர்ல மத்தவங்க நஷ்டத்தோட பார்த்தா இது சின்னதுதான். அரசு அந்த மாசமே 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிபண்ண தலா 10,000 ரூபாய்னு நிவாரணம் அறிவிச்சது. ஆனா அதுல எதுவும், ஆறு வருஷமா வாங்கினவர் 'தலையில கட்டறீங்களா'ன்னு கேட்டதுக்கு நிவாரணம் இல்ல.

நேர்ல போனேன். மண்ணெண்ணெய் துணியால ஐஸ் பெட்டியைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. மன்னிப்புக் கேட்டேன். அக்கா கோவப்படலை. "வுடு தம்பி"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா ஒண்ணு. கடைன்னு ஒண்ணு போட்டுக் குடுத்த, அதுக்கு ஷட்டரு இன்னாத்துக்கு உன் ஊட்டுல வெச்சிக்கினே?"

பதில் இல்ல என்கிட்ட.

அன்னிக்கே அங்கேயே உட்கார்ந்து கேட்டேன்: "அக்கா, இந்த சைட்ல உங்களுக்கு அடிக்கடி மாறுறது எதெது?" 2019லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விலை, இருக்கா இல்லையா, கடை திறந்திருக்கா, போன் நம்பர், ஒரு அறிவிப்பு, ஒரு படம். ஆறே விஷயம். மீதி எதையும் அவங்க தொடவே வேண்டியதில்ல, தொட ஆசையும் இல்ல. நான்தான் ஒண்ணு எல்லாத்தையும் குடுத்தேன், இல்ல எதையுமே குடுக்கலை.

பத்து நாள் ராத்திரி உட்கார்ந்து மாத்தினேன். நம்ம பதிவர்கள்ல சைட் போட்டுக் குடுக்கிறவங்க இருப்பீங்க, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். அந்த ஆறுக்கும் தனித்தனிப் பெட்டி. விலைப் பெட்டியில எண் மட்டும்தான் ஏறும், நம்பர் பெட்டியில பத்து இலக்கம் இருந்தாத்தான் சேமிக்கும். அறிவிப்புப் பெட்டியில எங்கிருந்து ஒட்டினாலும் அலங்காரமெல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்து மட்டும் நிக்கும். ஒட்டினதுல யூனிகோடு தமிழ் எழுத்து ஒண்ணுகூட இல்லைன்னா 'இது பாமினி மாதிரி இருக்கு, ஒருதடவை பாருங்க'ன்னு கேட்கும். தடுக்காது, கேட்கும், அவ்வளவுதான். நீளமான தமிழ்த் தலைப்பு வெச்சா முகவரி சதவீதக் குறியா நீண்டு பாதியில வெட்டுப்படும், ஏன்னா வேர்ட்பிரஸ் அந்தப் பெயருக்கு 200 இடம்தான் வெச்சிருக்கு, தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 9 இடம் போயிடும். அதனால முகவரிக்கு வெறும் எண்.

கணக்கை எடிட்டரா உயர்த்தினேன். எழுதலாம், வெளியிடலாம், படம் ஏத்தலாம், தீம் பக்கமே கண்ணுல படாது. அக்காவுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னு தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல். பழைய பிரதிக்குத் திரும்புற வசதி வேர்ட்பிரஸ்ல 2008லேயே, 2.6 பதிப்புல வந்தாச்சு. நான்தான் அப்படி ஒண்ணு இருக்குன்னு அக்காகிட்ட சொன்னதே இல்ல. ஒரு சூட்சுமம்: இந்த மாதிரித் தனிப் பெட்டிகளோட பழைய மதிப்பு தானா சேமிப்பாகாது. 2023 நவம்பர்ல வந்த 6.4ல்தான் அதுக்கு வழி வந்துச்சு, அதையும் நாமதான் எழுதி இயக்கணும். குப்பையில போட்டது 30 நாள் இருக்கும். இத்தனைக்கும் மேல தினமும் ஒரு காப்பி வேற இடத்துக்குப் போகும். நோட்பேடு புண்ணியவான் வாழ்க.

நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்சுடலை. 2002லேயே மேக்ரோமீடியா கான்ட்ரிபியூட்னு ஒரு மென்பொருள் விட்டாங்க. டிசைனர் சட்டத்தைப் பூட்டி வெச்சு, திருத்தலாம்னு விட்ட இடத்துல மட்டும் சைட்டுக்காரங்க எழுதிக்கலாம். அந்த மென்பொருள் போயிடுச்சு, யோசனை அப்படியே இருக்கு. 2017 பிப்ரவரி 28 அன்னிக்கு அமேசானோட எஸ்3 சேவை சில மணி நேரம் படுத்ததே, ஞாபகமிருக்கா? ஒரு ஊழியர் ஒரு கட்டளையில ஒரு மதிப்பைத் தப்பா குடுத்துட்டாரு. அவங்க அறிக்கையில, ஒரே அடியில அவ்வளவு சர்வர்களை எடுக்க முடியாதபடி கருவியை மாத்திட்டோம்னு சொன்னாங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்கே கை தவறும்போது, பொங்கல் அவசரத்துல ஒரு காலேஜ் பொண்ணுக்குத் தவறினதுக்கு நான் ரெண்டரை வருஷத் தண்டனை குடுத்திருக்கேன்.

கடைசியா, உடைச்சுப் பார்க்கன்னே சைட்டுக்கு ஒரு நகல் போட்டுக் குடுத்து, "இதை நாசம் பண்ணுங்க"ன்னு சொன்னேன். பொண்ணு விலைப் பெட்டியில 'அம்பது'ன்னு எழுத்துல அடிச்சுப் பார்த்துச்சு, ஏறலை. அக்கா முகப்பையே தூக்கிக் குப்பையில போட்டுட்டு, "ஐயய்யோ"ன்னு என்னைப் பார்த்தாங்க. திருப்பி எடுக்கிறதைக் காட்டினேன். திரும்ப ஒருதடவை போட்டு, அவங்களே எடுத்தாங்க. மூணாவது தடவை சிரிச்சுக்கிட்டே போட்டாங்க. எல்லாத்துக்கும் மேலே ஒரு பெரிய பொத்தான், திறந்திருக்கு, மூடியாச்சுன்னு ரெண்டே நிலை. மூடினா கியூஆரும் நம்பரும் மறைஞ்சு அறிவிப்பு மட்டும் நிக்கும். அதுக்குப் பேரு 'ஷட்டர்'.

இது முடிஞ்சது டிசம்பர் மூணாவது வாரம். 26ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சு, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு சனங்க ரோட்டுக்கு ஓடினாங்க. எனக்கு விஷயம் காலையில நியூஸ் பார்த்துதான் தெரியும். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கலை. பதறிப்போய் சைட்டைத் திறந்தேன். ஷட்டர் எண்ணெய்க்காக ஏற்கெனவே மூடித்தான் இருந்துச்சு. அறிவிப்புப் பெட்டியில ராத்திரி ஒரு மணிக்கு மேல புதுசா ஒரு வரி:

"நாங்க எல்லாரும் பத்ரமா கீறோம்."

பணம் திருப்பி வாங்கின பதினோரு பேர்ல நாலு பேர் அதைப் பார்த்துட்டு காலையில போன் பண்ணினாங்களாம். அக்கா அப்புறம் சொன்னாங்க. 'தலையில கட்டறீங்களா'காரரும் அதுல ஒருத்தர்.

எழுத்துப் பிழையைத் திருத்தலாம்னு கை போச்சு. அட்மின் நான்தானே, உரிமை இருக்கு. அப்படியே விட்டுட்டு வெளியே வந்துட்டேன்.