பழங்கருவியும் ஒரு சான்றே

கல்வெட்டை வாசிக்கப் பயிலும் கலைப்பீட மாணவனுக்கு இயந்திரப் பட்டறையின் பழங்கருவிகள் அந்நியமானவையல்ல என்பதே எனது துணிபு. பெயர் தேய்ந்துபோன நுண்மானித் திருகுக் கணிச்சியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுழலும் உறையிலே 25 பிரிவுகள் இருப்பின், அது பெரும்பாலும் அங்குல அளவினது. ஒரு பிரிவு அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறு. 50 பிரிவுகளாயின், ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீற்றர் நகர்வது அது.

1848 இல் பிரான்சிலே பால்மர் ஆக்கவுரிமை பெற்ற இக்கருவியை, 1867 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிற் கண்ட பிரௌன், ஷார்ப் ஆகிய இருவரும் அமெரிக்காவிற் பரப்பினர். அவர்களது நிறுவனத்தின் கருவிகளிற் பிராவிடன்ஸ் என்ற ஊர்ப்பெயரையும், ஸ்ராரெற் நிறுவனத்தின் கருவிகளில் அதோல் என்ற ஊர்ப்பெயரையும் காணலாம். ஆயினும், உடன் பொறிக்கப்பட்ட ஆக்கவுரிமை ஆண்டைக் கருவி பிறந்த ஆண்டெனக் கொள்ளலாகாது. கருவி அவ்வாண்டுக்கு முற்பட்டதன்று என்பதையே அது உணர்த்தும்.

இதனை விலைபேசும் வித்தையெனக் கருதுவோர் உளர்; எனக்கோ இது மூலச்சான்றை ஆராயும் முறை. கருவியின் சட்டகத்திலே, அதனைக் கையாண்ட தொழிலாளி கீறிவைத்த முதலெழுத்துகள் சிலவேளை தென்படும். உற்பத்தியாளரின் பெயரை ஏடுகள் காக்கும். அத்தொழிலாளிக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் அக்கீறல் ஒன்றே. துருவைப் போக்கும் ஆர்வத்தில் அதனையும் தேய்த்துவிடுவோர், அவன் வாழ்ந்தமைக்கான சான்றையே அழித்துவிடுகின்றனர்.