காஞ்சி மாடியில் ஒரு நாற்றங்கால்

காஞ்சிக்குப் போகிறவர்கள் தரிசனத்திற்குப் போவார்கள். இல்லாவிட்டால் புடவைக்குப் போவார்கள். நாம் இரண்டையும் முடித்துக்கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். நம் வீட்டில் இரண்டு தடவை தக்காளி நாற்று செத்துப்போன துக்கமே காரணம்.

அந்த வீட்டில் முன்கட்டு முழுவதும் தறிக்குச் சொந்தம். தோட்டத்திற்கு இடம் ஏது? ஆயினும் மாடியில், 98 குழிகள் கொண்ட தட்டுகளில், கத்தரியும் மிளகாயும் பாவு இழை போல வரிசை பிசகாமல் நின்றன. குழிகளில் மண்ணே இல்லை. எல்லாம் தேங்காய் நார்த் தூள்.

மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுக்கும்போது உதிரும் தூள் இது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளில் முன்பெல்லாம் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. இப்போது 5 கிலோ கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். சதுப்பு நிலங்களை வெட்டி எடுக்கும் ‘பீட்’ என்ற மக்கிய பாசிக்குப் பதிலாக, ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதை வாங்குகிறார்கள். நம் ஊர்த் தூளை நாமே வாங்கப் போனால், ‘கோகோபீட்’ என்று இங்கிலீஷில் கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரிகிறது!

“தூளை அலசினீர்களா, ஐயா?” என்று கேட்டார் அந்த வீட்டு அம்மாள்.

கட்டியை வாளியில் ஊறவைத்து, உப்பியதும் விதைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டோம்.

“அதுதான் சங்கதி. தென்னை உப்பைக் குடித்து வளருகிற மரம். மட்டையில் அது தங்காமல் இருக்குமா? சாயம் ஏற்றிய பட்டை எத்தனை தண்ணீரில் அலசுகிறோம்! அந்த மாதிரி அலச வேண்டும்.”

அலசியும் காட்டினார். முதல் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் போல இறங்கியது. மூன்றாவது தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. பாலாற்றில் மணலையே அதிகம் பார்க்கிற ஊர் அல்லவா? கழிந்த நீரை வீணாக்காமல் கொல்லைத் தென்னைக்கே ஊற்றினார். அதன் உப்பு அதற்கே போய்ச் சேர்ந்தது.

தூளில் ஈரம் நிற்கும். சத்து மிகக் குறைவு. ஆகையால் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலக்கிறார். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, முளை காணும் வரையில் தட்டுகளை அடுக்கி மூடி வைக்கிறார். 25 நாளில் நாற்று வேரோடு கட்டியாகக் கழன்று வருகிறது. ஒரு வேர்கூட அறுவதில்லை. விலை உயர்ந்த ஒட்டு விதை வாங்குகிறவர்களுக்கு இது பெரிய லாபம். தறி ஓய்ந்திருக்கும் மாதங்களில் நாற்று விற்ற காசுதான் வீட்டு மளிகைக்கு உதவுகிறதாம்.

திரும்பும்போது புடவைப் பெட்டியை பஸ்ஸின் மேல் தட்டில் வைத்துவிட்டு, நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டோம்.