எட்டு வயரும் நாலு சோடியும்

மொழியியல் படிக்கிற எல்லாருக்கும் சசூர் சொன்ன ஒரு விசயம் முதல் வருசத்திலயே வந்துவிடும். ஒரு சொல்லுக்கும் அது குறிக்கிற பொருளுக்கும் இடையில் இயற்கையான தொடர்பு ஒன்றும் இல்லை. நாங்கள் ‘மரம்’ என்கிறோம், சிங்களத்தில் ‘கஹ’ என்கிறார்கள். இரண்டும் வழக்கம்தான். இதைச் சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் வழக்கம் எங்கே முடிகிறது என்பது ஒரு லான் கேபிளுக்குக் கிளிப் அடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கட வீடு பழைய கல்வீடு. றவுட்டர் முன் விறாந்தையில். தம்பி படிக்கிற அறை குசினிக்குப் பக்கத்தில். இடையில் மூன்று மொத்தச் சுவர். வைஃபை அங்க போய்ச் சேரவே சேராது. அவனுக்கு இந்த வருசம் ஏஎல், இரவு வகுப்பெல்லாம் சூமில. அதனால சித்தப்பா தனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சுவரோரமாகக் கேபிள் இழுத்து, இரண்டு முனைக்கும் கிளிப் அடிச்சு, டெஸ்டரைப் போட்டுக் காட்டினார். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் லைற் ஒழுங்காக எரிஞ்சது. காசு குடுத்து அனுப்பினோம்.

அன்றிரவே வகுப்பு நடுவில நின்றது. சேரின் குரல் துண்டு துண்டாக வந்தது. லப்டொப் பழசு, மழைக்கு லைன் சரியில்லை, தம்பி படிக்கப் பஞ்சியில சொல்லுறான் என்று வீட்டில ஆளுக்கொரு காரணம். அந்த அண்ணாவைத் திரும்பக் கூப்பிட்டோம். அவர் டெஸ்டரைத் திரும்பப் போட்டார். எட்டு லைற்றும் திரும்ப எரிஞ்சது. “என்ர வேலையில பிழையில்லை” என்றார். லைற் எரியேக்க நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? தம்பிதான் இரண்டு கிழமையாகப் பேச்சு வாங்கினான்.

கிளிப் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்ரிக். டோர்ச் அடிச்சுப் பார்த்தால் உள்ளே இருக்கிற நிறங்கள் தெரியும். செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, கபிலச் சோடி என்று பக்கத்தில் பக்கத்தில், பார்க்க வடிவாக இருந்தது. டி568பி என்கிற ஒழுங்கு அப்படி இல்லை. வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பச்சைச் சோடியைப் பிரித்து நடுவில் நீலத்தைச் செருகியிருக்கும். ஆரோ குழப்பி வைத்த மாதிரித்தான் தெரியும்.

அதுக்குக் காரணம் இருக்கு. பழைய தொலைபேசிக் கிளிப்பில் நடுவில் இருக்கிற இரண்டு பின்னும் ஒரு சோடி, அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிறவை அடுத்த சோடி. அந்த வழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. அதனால் 1ம் 2ம் ஒரு சோடி, 3ம் 6ம் இன்னொரு சோடி. சோடி என்பது சும்மா பெயர் இல்லை. இரண்டு வயரும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும். ஒரே சமிக்ஞை ஒன்றில் நேராகவும் மற்றதில் எதிராகவும் போகும். மறுமுனையில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் வாசிப்பார்கள். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரேயளவில் படுவதால் கழிந்துபோகும். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இலேயே இந்த முறுக்குக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார்.

எங்கட கேபிளில் 3இல் பச்சைச் சோடியின் ஒரு வயர், 6இல் நீலச் சோடியின் ஒரு வயர். சேர்ந்து போகவேண்டிய இரண்டும் வேற வேற ஆக்களோட முறுக்குப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. டெஸ்டர் கேட்பது ஒரேயொரு கேள்வி: இந்த முனையில் ஒன்றாவது பின்னில் விட்டது மற்ற முனையின் ஒன்றாவது பின்னுக்கு வந்ததா? வந்தது. ஆரோட சேர்ந்து வந்தது என்று அது கேட்காது.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். செம்மஞ்சளையும் பச்சையையும் சோடியோடு இடம் மாற்றினால் அது டி568ஏ. இரண்டு முனையிலும் அப்படியே அடித்தால் அதுவும் நல்லாக வேலை செய்யும். எந்த நிறம் என்பது வழக்கம். எது எதனோடு சோடி என்பது வழக்கம் இல்லை, அது செம்புக் கம்பியின் குணம். இரண்டு முனையும் ஒத்துக்கொண்டால் எதுவும் சரி என்று நினைத்ததால்தான் எங்கட கேபிள் பிழைத்தது.

கம்பஸ் சிநேகிதி ஒருத்தியிடம் கிரிம்பரை இரவல் வாங்கினேன். “நீ ஆர்ட்ஸ் பிள்ளை, உனக்கேன் இந்த வேலை? ஆரும் பெடியனைக் கூப்பிடுவமே” என்றா அம்மா. கூப்பிட்டதால் வந்ததுதானே இது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பழைய கிளிப்பை வெட்டி எறிந்துவிட்டு வெளித்தோலை உரித்தேன். முறுக்கைக் கிளிப்புக்குத் தேவையான அளவுக்கு மட்டும், அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், பிரிக்கவேண்டும். வயர்களை நிமிர்த்தி, ஒழுங்காக்கி, ஒரே மட்டத்தில் வெட்டி, கிளிப்பின் கொளுக்கி கீழே பார்க்கிற மாதிரிப் பிடித்துத் தள்ளவேண்டும். எட்டுச் செம்பு முனையும் கிளிப்பின் நுனியில் தெரியவேண்டும். வெளித்தோலும் கொஞ்சம் உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் இழுபடும்போது வயர் கழரும். பிறகு ஒரே அமத்து. இரண்டு பெருவிரலும் அடுத்த நாள் வரைக்கும் நொந்தது.

அன்றிரவு தம்பியின் வகுப்பு ஒரு தடவையும் நிற்காமல் ஓடியது. டெஸ்டரையும் போட்டுப் பார்த்தேன். முதல் காட்டிய அதே எட்டு லைற்றைத்தான் காட்டியது.

போன கிழமை பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பிள்ளை, எங்கட வீட்டிலயும் இன்டர்நெற் இழுக்குது, தம்பியை ஒருக்கா அனுப்பிவிடன்” என்றா. தம்பிக்கு வகுப்பு என்று சொல்லிவிட்டு, கிரிம்பரை எடுத்துக்கொண்டு நான் போனேன்.