மலை தந்த மளிகை

ஜவ்வாது என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பூஜை அறையும் அதன் வாசனையும்தானே? எனக்கு இப்போது நினைவுக்கு வருவது சாமை அரிசி!

என் கணவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு மளிகைப் பட்டியல் தலைகீழாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தாலும் அறிவித்தது, சாமையும் தினையும் பட்டணத்தில் பளபளக்கும் பொட்டலங்களுக்குள் புகுந்துகொண்டன. விலையைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும்! "விளைகிற இடத்துக்கே போய்ப் பார்த்தால் என்ன?" என்றார் இவர். கிளம்பிவிட்டோம்.

போளூரிலிருந்து பஸ் வளைந்து வளைந்து மலை ஏறியது. குளிர் காற்று முகத்தில் அடிக்க, ஜமுனாமரத்தூரில் இறங்கினோம். பக்கத்தில் பீமன் அருவி. மலையின் இன்னொரு பகுதியான காவலூரில், 1986-இல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இவர் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். என் கண்ணோ தானிய மூட்டையைத் தேடியது.

அறுவடை முடிந்திருந்த சமயம். சாலையோரத்தில் மலைவாழ் கிழவி ஒருத்தி சாமை, புளி, தேன் எல்லாம் பரப்பி வைத்திருந்தாள். நான் விடுவேனா?

"பாட்டி, அரிசி பழுப்பாக இருக்கிறதே. விலையைக் குறைக்கக் கூடாதா?"

"அந்தப் பழுப்புதாம்மா சத்து. வெள்ளையாத் தீட்டினா தவிடும் போயிடும், சத்தும் போயிடும்."

அவள் சொன்னது சரிதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம். தீட்டிய அரிசியில் சுமார் 8. நார்ச்சத்தோ இரண்டு மடங்குக்கு மேல்!

"நீங்கள் தினமும் இதைத்தானே சாப்பிடுவீர்கள்?" என்றேன், சற்றுப் பொறாமையுடன்.

கிழவி சிரித்தாள். "எங்கேம்மா! ரேஷன் அரிசிதான். பொடித் தானியம், உமி லேசில விடாது. உரல்ல இடிச்சே இந்தக் கை காய்ச்சுப் போச்சு. இப்போ மிசின் வந்திருக்கு. ஆனா சாமையை வித்தாத்தானே பேரனுக்கு நோட்டு வாங்க முடியும்?"

நீட்டிய அந்த உள்ளங்கையைப் பார்த்தேன். அதன் பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன். அப்படியும் பட்டணத்துப் பொட்டலத்தைவிட மலிவுதான்!

பஸ் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். நீங்கள் மலை ஏற வேண்டியதில்லை. அலங்காரப் பொட்டலத்தை விட்டு, சில்லறையாக விற்கும் பழுப்புச் சாமையாகப் பார்த்து வாங்குங்கள். சாமை பிஸ்கட், சாமை முறுக்கு என்று காசைக் கரைக்காதீர்கள். மூன்று வேளையும் வேண்டாம். ஒரு வேளை அரிசிக்குப் பதிலாகச் சமைத்தால் போதும். அரை மணி ஊறவைத்தால் சீக்கிரம் வெந்துவிடும், காஸும் மிச்சம்.

ஊர் திரும்பியதும் சாமைப் பொங்கல் செய்தேன். இவர் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்.

"சாமையானாலும் அளவு உண்டு!" என்று கரண்டியைக் கீழே வைத்தேன். தட்டில் ஒட்டியிருந்த நாலு பருக்கையை மட்டும் வீணாக்க விடவில்லை. அந்தக் காய்த்துப் போன கை கண்ணுக்குள்ளேயே நின்றது.