தொட்டா சொல்லுங்க

“கண்ண மூடிக்கோங்க ஐயா. கால்ல எங்க தொட்டாலும் ‘ஆமா’ன்னு சொல்லுங்க. அவ்ளோதான்.”

ஆட்டோக்காரர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். காக்கிச் சட்டையின் மேல்பையில் சில்லறை கனக்கிறது. பயிற்சி மருத்துவராக இருக்கும் பெண்ணின் கையில் பேனா அளவில் ஒரு கைப்பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. தோலில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் எடையில் வளைந்துவிடும் இழை அது. முதலில் முன்கையில் வைத்துக் காட்டுகிறார். “ஆமா.” பிறகு கால் கட்டைவிரல். பதில் இல்லை. விரல்களுக்கு அடியில் மேடிட்ட இடம். பதில் இல்லை. இழை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்போது அவர் “ஆமா” என்கிறார். சற்றுப் பொறுத்து இன்னும் உரக்க, “ஆமா.” தெரியவில்லை என்று சொன்னால் காலை எடுத்துவிடுவார்களோ என்கிற பயம் அந்தக் குரலில் இருக்கிறது.

அந்தப் பெண் திருத்தவில்லை. தாளில் அச்சடித்திருக்கும் பாதப் படத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போகிறார்.

சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில், சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கும் பிரிவு இது. எட்டு மணிக்கே பெஞ்சு நிறைந்து, சுவரோரம் தரையிலும் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான ஆய்வு சொன்னது. பெஞ்சில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவரவர் காலைப் பற்றித்தான் பேச்சு.

“மதமதன்னு இருக்குது சிஸ்டர்.”

“பஞ்சு மேல நடக்குறாப்புல இருக்கு.”

“முழங்காலுக்குக் கீழ மரத்தே போச்சு. ஆனா ராத்திரியில எரியுது. மரத்துப்போன காலு எப்படி எரியும், நீங்களே சொல்லுங்க?”

கேட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆனால் பதில் இருக்கிறது. நெடுங்காலம் கட்டுப்படாத சர்க்கரை நரம்புகளை அரிக்கிறது. நீளமான நரம்புதான் முதலில் சேதமாகும் என்பதால் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. வெளியிலிருந்து வரும் சூட்டையும் முள்ளையும் மூளைக்குச் சொல்ல முடியாத அதே நரம்பு, இல்லாத நெருப்பை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் வீடுவரை நடந்து வந்த தையல்காரர் இருக்கிறார். பகல் வெயிலில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு சுற்றி வந்தவர், இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துத் தோல் உரிந்ததை மறுநாள் பாயில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்துத்தான் அறிந்திருக்கிறார். இட்லிக் கடை அம்மாள் ஒருவருக்கு அடுப்பின் இரும்புக்காலில் பாதம் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மருமகள் பார்த்து அலறியிருக்கிறாள். அதற்கப்புறமும் இருபது நாள் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு மாவு அரைத்திருக்கிறார்.

“வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்மா,” என்கிறார் டாக்டரிடம்.

இந்த வாக்கியத்தை அந்தக் காலைப்பொழுதில் ஒவ்வொரு பெஞ்சிலும் கேட்க முடிந்தது. சோம்பேறித்தனத்தாலோ அலட்சியத்தாலோ இவர்கள் வராமல் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூலிக்குப் போகிற உடம்பு வலியைக் கேட்டுத்தான் லீவு போடும். வலி வாயைத் திறக்காதபோது, ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்காரச் சொல்ல உள்ளே யாரும் இல்லை.

சுவரோரம் மரப்பெட்டியில் கறுப்புச் செருப்புகள் அடுக்கியிருக்கின்றன. நுண்ணறை ரப்பர் அடிப்பாகம், குதிகாலைச் சுற்றி வார். எம்சிஆர் செருப்பு என்கிறார்கள். கண்டக்டருக்கு அளவு பார்க்க எடுக்கிறார்கள். அவர் காலை இழுத்துக்கொள்கிறார். “இது குஷ்டரோகிங்க போடுற செருப்பாச்சே. தெருவுல என்னா சொல்வாங்க?”

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களைப் பல ஆண்டுகள் பார்த்தவர். நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, உணர்வு போனதால் சுட்டதும் கிழிந்ததும் தெரியாமல், புண்மேல் புண்ணாகிக் கைகால் குறைகின்றன என்று கண்டுகொண்டார். ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடித்துக்கொண்டு போனதுகூடத் தெரியாதவர்கள் இருந்தார்கள்; எலியை விரட்ட அவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பாதங்களுக்காக உழைத்ததில் பிறந்த அறிவைத்தான் அவர் பின்னர் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் கொண்டுபோனார். கண்டக்டர் வெட்கப்படுகிற இந்தச் செருப்பை நான் மரியாதையோடு பார்க்கிறேன். ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டவர்களின் கால்களிடமிருந்து நமக்கு வந்த கொடை அது.

இதற்குள் அடுத்த அறை வாசலில் ஓர் இளைஞன் நிற்கிறான். கையில் தாள். அவன் அப்பாவின் இடதுகால் இரண்டு விரல்களை எடுக்கவேண்டும், சம்மதக் கையெழுத்து. “தம்பி, இங்க போடுப்பா.” அவன் தாளையே பார்க்கிறான். “தம்பி.” பேனாவின் மூடியைக் கழற்றுகிறான், மறுபடி மாட்டுகிறான். மூன்றாவது முறை ஊழியர் தோளைத் தொட்டதும், “ஆங்? என்னங்கண்ணா?” என்று திரும்புகிறான். பிரமை பிடித்தாற்போல நிற்கிறான் என்று எழுதலாம். ஆனால் அவன் கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடி, “சாயங்காலம் எத்தினி மணிக்கு விடுவாங்க? கடை சாவி எங்கிட்டதான் இருக்கு,” என்கிறார். அவருக்கும் இன்னும் உறைக்கவில்லை.

புண்ணுக்குக் கட்டுப் போடும் சிஸ்டருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். இத்தனை பார்த்தவர்களுக்கு மனசு மரத்துப் போயிருக்கும் என்று வெளியே எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் ஒட்டுப் பட்டையின் ஒரு நுனியை ஒவ்வொரு கட்டிலும் கொஞ்சம் மடித்து ஒட்டுகிறார். வீட்டில் கட்டுப் பிரிக்கும்போது நகம் தேடிச் சுரண்டித் தோல் கிழியக் கூடாதாம். கேட்காமலே இதை ஒவ்வொருவருக்கும் செய்கிறார். இட்லிக் கடை அம்மாளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, “சுடுதண்ணிய காலால தொட்டுப் பாக்காதீங்க, முழங்கையில பாருங்க. ராத்திரி எரிச்சல்னு தண்ணிக்குள்ள கால ஊற வைக்காதீங்க. செருப்பு போடுறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டுங்க,” என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அம்மாள் தலையாட்டுகிறார். அவருக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது, இடுப்பு விடாது. கண்ணும் மங்கல்.

கூட வந்திருக்கும் பேத்தி எட்டாம் வகுப்பாக இருக்கலாம். பள்ளிச் சீருடையிலேயே வந்திருக்கிறாள். அவ்வளவு நேரம் புண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், மெல்ல வந்து சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் தெனமும் பாக்கணுமா சிஸ்டர்?”

“தெனமும். நல்ல காலையும் பாரு. விரல் இடுக்குல ஈரம் இருந்தா துணியால ஒத்தி எடுத்துடு. செவந்திருந்தாலோ, தொட்டா சூடா இருந்தாலோ அன்னிக்கே கூட்டிட்டு வா.”

“ஆயா வலிக்கலன்னு சொல்லும்.”

“சொல்லும். நீ கூட்டிட்டு வா.”