மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பாட்டு கற்றுக்கொள்கிறவர்கள் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'உன் சுருதி என்ன?' பெண் குழந்தையாக இருந்தால் 'அஞ்சரைக் கட்டை' என்று சொல்லக்கூடும். மீசை முளைத்துக் குரல் உடைந்த பையன் என்றால் 'ஒரு கட்டை' என்பான். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, அதற்கு அடுத்து நாலு. நடுவில் மூன்றரை? கிடையாது. நாலரை உண்டு, ஐந்தரை உண்டு, ஆறரைகூட உண்டு. மூன்றரைக் கட்டையில் பாடுகிற வித்வானை மட்டும் எந்த சபாவிலும் பார்க்க முடியாது.

ஏன் என்று பாட்டு வாத்தியாரைக் கேட்டால் 'அது அப்படித்தான், நீ வர்ணத்தைப் பாடு' என்று சொல்லிவிடுவார். இதற்குப் பதில் சங்கீத சாஸ்திரத்தில் இல்லை. ஆர்மோனியப் பெட்டிக்குள் இருக்கிறது.

மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு ஸ்தாயிக்கு வெள்ளைக் கட்டைகள் ஏழு, கறுப்புக் கட்டைகள் ஐந்து. மேல்நாட்டார் 'ஸி' என்று சொல்கிற வெள்ளைக் கட்டை நமக்கு ஒரு கட்டை. அடுத்த வெள்ளை இரண்டு. நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. இப்படியே போனால், மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவது வெள்ளைக்கும் நடுவே ஐரோப்பியர்கள் கறுப்புக் கட்டை வைக்கவில்லை. அவர்கள் வைக்காததால் நமக்கு மூன்றரை இல்லை. அதே காரணத்தால் ஏழரையும் இல்லை. ஏழரை இல்லாமல் போனதில் நம்மவர்களுக்கு வருத்தம் இருக்காது!

விஷயம் சின்னதுதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நெற்றி நிறைய விபூதியோடு, தம்பூராவைத் தொட்டு வணங்கிவிட்டு தியாகராஜ கீர்த்தனை பாடுகிறவர், தன் குரலை அளக்கிற முழக்கோல் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் நம் பெரியவர்கள் பலர் 'நம் சங்கீதத்துக்கு எமன்' என்று திட்டினார்கள். 31 வருடம் ரேடியோ நிலையத்தின் வாசல்படி ஏற விடவில்லை.

பெட்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். காற்று பட்டதும் துடிக்கிற மெல்லிய நாக்குதான் ஆர்மோனியத்தின் உயிர். அந்த நாக்கு முறை ஆசியாவுடையது. சீனத்தில் 'ஷெங்' என்ற ஊது வாத்தியத்தில் அது ஆயிரக்கணக்கான வருடமாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பிய வாத்தியக்காரர்களுக்கு அதில் ஆர்வம் வந்தது. 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்த்ர் தெபேன் என்பவர் தன் கருவிக்குக் காப்புரிமை வாங்கி 'ஆர்மோனியம்' என்று பெயர் வைத்தார். பாதிரிமார்களோடு கப்பல் ஏறி அது இந்தியாவுக்கு வந்தது. ஆக, பிறப்பிலேயே அது கலப்பு.

வந்தது மேஜை போன்ற ஒரு சாமான். நாற்காலியில் உட்கார்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். அவர்கள் சங்கீதத்துக்கு இரண்டு கையும் தேவை. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்கி ஒலிக்கச் செய்வது அவர்கள் வழி. நம் சங்கீதம் ஒற்றை இழையாகப் போவது. ஒரு கை போதும். இன்னொரு கை சும்மா இருக்கிறது. அதோடு நாம் தரையில் சம்மணமிட்டு உட்காருகிற ஜாதி. 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அந்த சும்மா இருந்த கைக்கு வேலை கொடுத்தார். காலை நீக்கினார், துருத்தியை முதுகுப் பக்கம் வைத்தார், பெட்டி தரைக்கு இறங்கியது. இன்று நாம் பார்க்கிற கைப்பெட்டி பாரிஸில் பிறந்தது இல்லை, கல்கத்தாவில் பிறந்தது.

தமிழ்நாட்டில் அதைக் கொண்டாடியவர்கள் நாடகக்காரர்கள். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சுருதி கேட்க வேண்டும். தம்பூரா அங்கே எடுபடுமா? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம்தான் முதுகெலும்பு. எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் வெளுத்து வாங்கும்போது, கூடவே ஆர்மோனியத்தில் ஓடியவர் அவருடைய அண்ணன் காசி ஐயர்.

சில வருடங்களுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழாவில் 'வள்ளி திருமணம்' பார்த்தேன். விடிந்து ஆட்டம் முடிந்த பிறகு, பெட்டி வாசித்த பெரியவரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். எழுபது தாண்டியவர். இரவு முழுக்க வாசித்த களைப்பு கண்ணில் தெரிந்தது, பேச்சில் தெரியவில்லை.

''வள்ளி ஒரு கட்டையில நிப்பா தம்பி, முருகன் ஒரு கட்டையில நிப்பாரு. தர்க்கம் முத்துனா ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிறவன் நான்தான்.''

''ஐயா, பெட்டியில கமகம் வராதுன்னு சொல்றாங்களே?''

''வராதுதான். ஆனா வந்த மாதிரி காட்டலாம்'' என்றவர் பெட்டியைத் திறந்தார். விரல் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்கு வழுக்கியது. அதே நொடியில் துருத்தியைப் பிடித்த கை லேசாகத் தளர்ந்து மறுபடி இறுகியது. ஸ்வரம் அசைந்தது மாதிரியே இருந்தது. ''கட்டையில வராததைக் காத்துல வரவழைக்கணும்'' என்று சிரித்தார். பிறகு ஒரு குறை சொன்னார். ''எங்க பேரன் நம்ம பெட்டியை விட்டுட்டு, வெள்ளைக்காரன் வாத்தியம் கீபோர்டு வேணும்னு நிக்கிறான் தம்பி.''

'நம்ம பெட்டி.' அந்த இரண்டு வார்த்தையை நான் பல நாள் மென்றுகொண்டிருந்தேன்.

இப்போது மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஆர்மோனியத்தை எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பாரதியார் எதிர்த்தார். ஆனந்த குமாரசுவாமி எதிர்த்தார். தாகூர் சாந்திநிகேதனில் அதை அண்டவிடவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம்தான் தோடி. ஆர்மோனியக் கட்டையோ ஆணி அடித்தது மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அதைக் கேட்டே ஒரு தலைமுறைக்குக் காது பழகிவிட்டால் அசைவு மறந்துபோய்விடும் என்று பயந்தார்கள். பயம் வெறும் பயமல்ல.

ஆனால் தடை போட்டது யார் தெரியுமா? ஆல் இந்தியா ரேடியோவின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். அதே ரேடியோவில் மேல்நாட்டு சங்கீதப் பிரிவைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1938-ல் ஆர்மோனியத்தைக் கிழித்துக் கட்டுரை எழுதினார். 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்துக்குத் தடை. ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் இந்திய சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று ஐரோப்பியர்களே தீர்ப்பு சொல்ல, நம் தேசியவாதிகள் கைதட்டினார்கள். வெள்ளைக்காரர் போன பிறகும் தடை போகவில்லை. 1971-ல்தான் தளர்ந்தது. அதுவும் தேர்ந்த கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக மட்டும். தனியாக வாசிக்க இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

'அப்படியானால் வயலின்?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

சரியான கேள்வி. வயலினும் கப்பலில் வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரும் அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, கோட்டையில் கும்பினியாரின் பேண்டு வாத்தியம் கேட்டவர்கள். தம்பி ஒரு ஐரோப்பியரிடம் மூன்று வருடம் வயலின் படித்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் 'நோட்டு ஸ்வரங்கள்'. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில்கூட ஒன்று உண்டு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்த வயலினைப் பரிசளித்தார்.

வயலினையும் நாம் அப்படியே விடவில்லை. நின்றுகொண்டு வாசித்ததைத் தரையில் உட்கார வைத்தோம். தாடையில் இடுக்கியதை மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவே சாய்த்தோம். தந்திகளின் சுருதியை மாற்றி ச-ப-ச-ப என்று கட்டினோம். அதன் கழுத்தில் மெட்டுகள் கிடையாது. விரல் எங்கே வேண்டுமானாலும் வழுக்கலாம், தோடி காந்தாரம் ஆடலாம். அதனால் சபா மேடையில் பாடகருக்குப் பக்கத்து ஆசனம் கிடைத்தது. வளைந்து கொடுத்தது மாப்பிள்ளை ஆனது. வளையாதது வாசல் திண்ணையோடு நின்றது.

இதுவரை சங்கீதக் காரணம். இன்னொன்றும் இருக்கிறது. வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் தீட்சிதர் குடும்பத்தாரும் அரண்மனை வித்வான்களும். ஆர்மோனியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்கள் நாடகக்காரர்கள். வயலின் வந்தபோது யாரும் சட்டம் போடவில்லை. ஐம்பது, நூறு வருடம் பொறுமையாகக் காத்திருந்து பழக்கிக்கொண்டார்கள். ஆர்மோனியத்துக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. தடை கேட்டுக் கட்டுரை எழுதியவர்களில் யாருக்கும் அதனால் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்திருக்காது. குறைந்தது பெட்டியை நம்பியிருந்தவனுக்கு.

பேச்சு இன்னும் ஓயவில்லை. 2022-ல் அமிர்தசரஸ் பொற்கோயிலில் மூன்று வருடத்துக்குள் ஆர்மோனியத்தை விலக்கிவிட்டுப் பழைய தந்தி வாத்தியங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அகால் தக்த் தலைமை சொன்னது. ரபாபும் தில்ருபாவும் அழிந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் நூறு வருடத்துக்கு மேல் கீர்த்தனைக்குக் கூட இருந்த பெட்டியும் இப்போது ஒரு மரபுதானே? பழையதைக் காப்பாற்றப் பணமும் பள்ளிக்கூடமும் கொடுக்கலாம். காப்பாற்றுவதற்காக இன்னொன்றை வெளியேற்றத்தான் வேண்டுமா?

வெளியேற்றினாலும் போய்விடுமா என்ன! நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊத ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நினைவிருக்கிறதா? அவர் இடத்துக்கு வந்தது சுருதிப் பெட்டி. அதற்குள் இருப்பது ஆர்மோனியத்தின் அதே நாக்கு, அதே துருத்தி. கட்டைகளை மட்டும் காணோம். பெயரை மாற்றிக்கொண்டு, மங்கலச் சடங்குகளுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த தடவை யாராவது ஒரு வாத்தியத்தையோ உடையையோ ஓவியத்தையோ காட்டி 'இது நம்முடையது இல்லை' என்று சொன்னால், எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். தேடினால் பாரிஸில் ஆரம்பித்து சீனத்தில் போய் நிற்பீர்கள். அதை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் என்ன செய்தார்கள், அதைத் தூக்கி எறிந்தால் நாளைக் காலையில் யார் வீட்டில் உலை ஏறாது என்று கேளுங்கள்.

அப்படிச் சொல்கிறவர் கொஞ்சம் பாடுகிறவராக இருந்தால், அவருக்கு எத்தனை கட்டை என்றும் கேட்டு வையுங்கள்.